கையெழுத்துப் போட்டவர்கள் ஏன் களத்துக்கு வரவில்லை?

புறநகர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் ஏறத்தாழ இருநூறு வீடுகள் உள்ளன. ஐப்பசி பிறந்தால் தெருவில் தேங்கும் மழைநீர் வடிய வழியில்லாமல் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்துவிடும். மழைநீர் வடிகால் கேட்டு நலச்சங்கத்தின் சார்பில் ஒரு மனு எழுதி வீடு வீடாக எடுத்துச் சென்றோம். அநேகமாக எல்லோரும் கையெழுத்திட்டார்கள். சிலர் எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்து, போன மழையில் ஊறிப்போன மெத்தையையும் பழுதான ஃபிரிட்ஜையும் காட்டி நெடுநேரம் ஆற்றாமையுடன் பேசினார்கள். ஆனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று எல்லோரும் சேர்ந்து ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று மனுவைக் கொடுப்போம் என்று அழைத்தபோது வந்தவர்கள் ஒரு வேனுக்குள் அடங்கிவிட்டார்கள்.

வந்தவர் யார், வராதவர் யார் என்று பார்த்தால் எனக்குக் குழப்பம்தான் கூடுகிறது. மெத்தையைக் காட்டியவர்களில் பலர் வரவில்லை. இரண்டாவது மாடியில் வசிக்கும், வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரையும் பார்த்திராத ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முதல் ஆளாக வந்து நின்றார். குறை அதிகம் உள்ளவர்தானே அதிகம் போராட வேண்டும்? இதைச் சோம்பல் என்றோ சுயநலம் என்றோ சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. மனிதர்கள் கூட்டுப் போராட்டத்தில் சேர்வதையும் ஒதுங்குவதையும் பற்றி உளவியலும் சமூகவியலும் என்ன சொல்கின்றன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

---

கணக்குப்பிள்ளை

ஐயா, உங்கள் குழப்பத்துக்கு 1965இலேயே மன்கூர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு விடை கொடுத்துவிட்டார். வடிகால் கட்டப்பட்டால் அதன் பயன் மனு கொடுக்க வந்தவருக்கும் வராதவருக்கும் ஒன்றுபோலவே கிடைக்கும்; வராதவர் வீட்டு வாசல் தண்ணீரை மட்டும் வடியவிடாமல் நிறுத்திவைக்க யாராலும் முடியாது. வருவதற்கான செலவோ, அதாவது ஒரு நாள் சம்பளமும் வெயிலும் அலைச்சலும், வந்தவர் தலையில் மட்டுமே விழுகிறது. இருநூறு வீட்டில் ஒருவர் குறைந்தால் ஆட்சியர் மனுவை வாங்க மறுக்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த நிலையில் வீட்டில் இருந்துவிடுவதே தனி மனிதக் கணக்கில் சரியான முடிவு. ஆச்சரியப்பட வேண்டியது வராதவர்களைப் பற்றி அன்று, வந்தவர்களைப் பற்றியே.

இதிலிருந்து ஓல்சன் இரண்டு முடிவுகளுக்கு வந்தார். முதலாவது, கூட்டம் சிறியதாக இருந்தால் ஒருவர் வராததும் கண்ணுக்குத் தெரியும், ஒருவர் வருவதாலும் வேறுபாடு விளையும் என்பதால் சிறு குழுக்களில் கூட்டுச் செயல் எளிதாக நடக்கும். இரண்டாவது, பெரிய குழுவாக இருந்தால் பங்கெடுத்தவருக்கு மட்டும் கிட்டும் தனிப் பயன் ஒன்றோ, ஒதுங்கியவருக்கு மட்டும் நேரும் இழப்பு ஒன்றோ இருந்தாக வேண்டும். தொழிற்சங்கங்கள் உறுப்பினர்களுக்குக் காப்பீடு, சட்ட உதவி என்று கொடுப்பது இதனால்தான் என்பது அவருடைய வாதம்.

---

மாலதி ச.

ஓல்சனின் வாதம் கூர்மையானது. ஆனால் அதை அப்படியே ஏற்றால் அந்த ஒரு வேன்கூட நிரம்பியிருக்கக் கூடாது. கணக்குப் பார்ப்பதற்கு முன்னால் மனிதர்கள் எங்கெங்கே உதிர்ந்துபோகிறார்கள் என்பதைப் பார்ப்பது அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து.

1983 அக்டோபரில், நெதர்லாந்தில் அமெரிக்க க்ரூஸ் ஏவுகணைகளை நிறுத்தக்கூடாது என்று தி ஹேக் நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அதையொட்டி பெர்ட் க்ளாண்டர்மன்ஸ், டிர்க் உகெமா என்ற இரு ஆய்வாளர்கள் ஆம்ஸ்டர்டாம் அருகே ஓர் ஊரில் மக்களைப் பேரணிக்கு முன்பும் பின்பும் பேட்டி கண்டார்கள். ஏறத்தாழ நால்வரில் மூவர் பேரணியின் நோக்கத்தை ஆதரித்தார்கள். ஆனால் இறுதியில் பேரணிக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஐந்தைக்கூடத் தொடவில்லை. இடையில் உள்ள படிகளைப் பாருங்கள்: ஆதரிக்க வேண்டும், அழைப்பு தம்மை வந்து சேர வேண்டும், போகலாம் என்ற விருப்பம் எழ வேண்டும், அந்த நாளில் தடைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் குறைகிறார்கள். ஒவ்வொரு படியிலும் குறைவதற்கான காரணமும் வேறு. க்ளாண்டர்மன்ஸ் கருத்தைத் திரட்டுவதையும் ஆளைத் திரட்டுவதையும் இரு வெவ்வேறு வேலைகளாகவே பிரித்துப் பேசுவார். நீங்கள் வீடு வீடாகப் போய்ச் செய்தது முதல் வேலை. அது நன்றாகவே நடந்திருக்கிறது. இரண்டாவது வேலையை எப்படிச் செய்தீர்கள் என்பதை உங்கள் கேள்வியில் நீங்கள் குறிப்பிடவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு டக் மக்ஆடம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளருடையது. 1964 கோடையில், மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யவும் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவும் வடக்கு மாநிலங்களிலிருந்து கல்லூரி மாணவர்கள் தொண்டர்களாக அழைக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் வெள்ளையர்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகள். போகிறவர் தம் செலவுக்கும், கைதானால் பிணைக்குமாகப் பணம் கொண்டுவர வேண்டும். 21 வயது நிரம்பாதவர் பெற்றோரின் ஒப்புதல் பெற வேண்டும். ஜூன் மாதம் திட்டம் தொடங்கிய சில நாட்களிலேயே அந்தப் பணியில் இருந்த மூன்று இளைஞர்கள் காணாமற்போய், ஆகஸ்டில் சடலங்களாகத் தோண்டி எடுக்கப்பட்டார்கள். உயிருக்கே ஆபத்தான வேலை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த மாணவர்கள் நிரப்பிய விண்ணப்பப் படிவங்கள் பின்னாளில் மக்ஆடமின் கைக்குக் கிடைத்தன. தேர்வு பெற்றும் கடைசியில் போகாமல் விலகியவர்கள் 239 பேர். போனவர்கள் 720 பேர். இரு தரப்பாரும் எழுதிய காரணங்களை அருகருகே வைத்து வாசித்தால் எது போனவருடையது, எது விலகியவருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொள்கைப் பற்றிலும் ஆர்வத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. திட்டத்துக்கு விளம்பரம் கிடைக்கட்டும் என்பதற்காக, ‘உங்கள் நடவடிக்கைகளை யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்’ என்று பத்துப் பேருடைய பெயரைப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். சாதாரணமான ஒரு கேள்விதான். ஆனால் அந்தப் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது யாருக்கு யார் நெருக்கம் என்பது வெளிப்பட்டுவிட்டது. தம் நெருங்கிய நண்பரும் போகிறார் என்ற நிலையில் இருந்தவர்கள் போனார்கள். ஏற்கெனவே ஏதேனும் அமைப்பிலோ சிறு போராட்டத்திலோ இருந்தவர்களும் போனார்கள். இலட்சியம் மட்டுமே இருந்து துணை இல்லாதவர்களே அதிகம் நின்றுவிட்டார்கள்.

தரைத்தள வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1966இல் ரன்சிமன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் குறையுணர்வை இரண்டாகப் பிரித்தார்: ‘எனக்கு நேர்ந்தது’ என்பது ஒன்று, ‘எங்களுக்கு நேர்ந்தது’ என்பது மற்றொன்று. முதல் வகை மனிதரைத் தனித் தீர்வை நோக்கித் தள்ளும். உங்கள் தரைத்தளத்துக்காரர்களில் எத்தனை பேர் வாசற்படியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், எத்தனை பேர் வீட்டை விற்க ஆள் பார்க்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். அந்த ஆசிரியைக்கோ வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையென்றாலும் அது ‘நம் தெரு’வாக இருந்திருக்கும்.

---

புறநகர்வாசி

அம்மா, நீங்கள் கேட்டதற்கு விடை சொல்லவே சற்றுக் கூச்சமாக இருக்கிறது. கையெழுத்துக்கு வீடு வீடாகப் போனோம்; திங்கட்கிழமைப் பயணத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி மட்டும் போட்டோம். கும்பிடும் கைகளும் கட்டைவிரல்களும் நிறைய வந்தன. வாசற்படி உயர்த்தியவர்கள், நீங்கள் சொன்னபடியே, கணிசமாக உண்டு; அவர்களில் ஒருவர் கதவுக்குக் குறுக்கே இரும்புத் தகடு செருகும் வசதியே செய்துவைத்திருக்கிறார். ஆசிரியையை யார் அழைத்தது என்று விசாரித்தேன். எதிர்வீட்டுப் பெண்மணி கதவைத் தட்டி, ‘டீச்சர், நான் போறேன், நீங்களும் வாங்களேன்’ என்று கேட்டிருக்கிறார்.

---

தேவிகுளத்தான்

நான் ஆய்வாளன் அல்லன். மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவன். படித்தவர்கள் பேசும் இடத்தில் எங்கள் ஊர்க் கதை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

2015 செப்டம்பர் தொடக்கத்தில், முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் அந்த ஆண்டு 10 சதவீதம்தான் என்று அறிவிக்கப்பட்டது. அப்போது நாள் கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன்பு மலையேறி வந்த தலித் குடும்பத்தார், கொழுந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு மூணாறு நகரச் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று பின்னால் பெயர் வந்தது. இடதுசாரியும் காங்கிரசுமாக மூன்று பெரிய தொழிற்சங்கங்கள் அங்கே பல்லாண்டுகளாக இருந்தன. அந்தச் சங்கத் தலைவர்களைப் பெண்கள் பக்கத்தில் வரவிடவில்லை. ஆண்களையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். செப்டம்பர் 13 அன்று, போனஸ் 8.33 சதவீதம், கருணைத்தொகை 11.67 சதவீதம், ஆக 20 சதவீதம் என்று உடன்பாடு வந்தது. கூலி உயர்வுக்காக மறுபடியும் வேலைநிறுத்தம் நடந்து, அது 301 ரூபாயானது அதற்கு அடுத்த மாதம்.

மாலதி அம்மா சொன்ன நட்பும் நெருக்கமும் அங்கே தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய பொருளே அன்று. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒற்றைச் சுவர். இந்தப் பக்கம் குழந்தை இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். காலையில் ஒரே இடத்தில் மஸ்டர் என்ற ஆள் கணக்கெடுப்பு, ஒரே நிரையில் கொழுந்து, ஒரே தராசில் நிறுவை. அடுத்த வீட்டுக்காரி சாலைக்குப் போகும்போது நீங்கள் மட்டும் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினால் அது எல்லோர் கண்ணிலும் படும். ஓல்சன் சொன்ன சிறு குழு என்பது ஆறாயிரம் பேருக்குள்ளும் லயம் லயமாகப் பிரிந்து கிடந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் எனக்கு நீண்ட நாளாக உள்ள கேள்வி வேறு. ஒற்றைச் சுவரும் குறைந்த கூலியும் அதற்கு முன்பும் இருந்தவைதாமே. ஏன் அந்தச் செப்டம்பரில்? போனஸ் பாதியானது ஒரு காரணம், ஏனெனில் கையில் வந்து பழகியது போவது, வராமலே இருப்பதைவிட அதிகம் எரியும். அதைவிடப் பெரிய காரணம், அதுவரை ‘சங்கம் பார்த்துக்கொள்ளும்’ என்று இருந்துவிட ஓர் இடம் இருந்தது. மாதாமாதம் சந்தா கொடுத்தோம், பேசுவது அவர்கள் வேலை. அந்தத் தலைவர்கள் நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று பெண்கள் முடிவு கட்டிய நாளில், தாங்களே போவதைத் தவிர வேறு ஆளில்லை என்றாகிவிட்டது. தமக்காகப் பேச ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் அத்தனை காலமும் அவர்களை வீட்டில் இருத்தியது.

புறநகர்வாசி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் மக்கள் கையெழுத்துப் போட்டபோது ‘வருகிறோம்’ என்று சொன்னதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நலச்சங்கம் நன்றாக நடக்கும் இடத்தில் இது இன்னும் அதிகமாக நடக்கும்.

---

இரா. சேந்தன்

தேவிகுளத்தாரின் பதிவு அருமை. ‘ஏன் அந்தச் செப்டம்பரில்’ என்ற அவருடைய கேள்வியை ஒட்டி ஒன்று சொல்கிறேன்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1978இல் ஒரு எளிய கற்பனைக் கணக்கைப் போட்டார். சதுக்கத்தில் நூறு பேர் நிற்கிறார்கள். ஒருவர் யாரும் வராவிட்டாலும் தொடங்குவார். இரண்டாமவர் ஒருவர் தொடங்கினால் சேர்வார். மூன்றாமவருக்கு இருவர் வேண்டும். இப்படியே நூறாமவருக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வேண்டும். இந்த வரிசையில் நூறு பேரும் களத்தில் இறங்கிவிடுவார்கள். இப்போது இரண்டாமவரை மட்டும் எடுத்துவிட்டு, இருவர் சேர்ந்தால்தான் வருவேன் என்பவரை அந்த இடத்தில் நிறுத்துங்கள். முதல் ஆள் தனியே கத்திவிட்டு வீடு திரும்புவார். இரண்டு கூட்டத்துக்கும் மனநிலையில் ஏறக்குறைய வேறுபாடே இல்லை. விளைவோ மலைக்கும் மடுவுக்கும். ஆகவே வந்த கூட்டத்தின் அளவைப் பார்த்து மக்களுடைய மனத்தின் அளவைச் சொல்லிவிட முடியாது.

இதற்கு நடைமுறைச் சான்றாக லைப்சிக் நகரத்தைச் சொல்வார்கள். கிழக்கு ஜெர்மனியில் எதிர்ப்பை வெளிப்படையாகப் பேச முடியாத காலத்தில், அங்குள்ள நிக்கோலாய் தேவாலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமை தோறும் மாலையில் அமைதிக்கான வழிபாடு நடந்துவந்தது. 1989 இலையுதிர் காலத்தில், யாரும் அழைக்காமலே, ‘திங்கட்கிழமை மாலை அங்கே போனால் ஆட்கள் இருப்பார்கள்’ என்பது ஊருக்கே தெரிந்த செய்தியாகிவிட்டது. அக்டோபர் 9 அன்று காவலர்களும் படையினரும் ஆயிரக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தும் சுமார் எழுபதாயிரம் பேர் தெருவில் நடந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. பின்னர் கார்ல்-டீட்டர் ஓப் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே எடுத்த கருத்தாய்வில், அமைப்புகள் ஆளைக் கூட்டியதாகத் தெரியவில்லை. நண்பர் வட்டமே முக்கியமாக இருந்தது. (உங்களுக்கும் திங்கட்கிழமைதான் வாய்த்திருக்கிறது என்பதைப் போகிற போக்கில் கவனித்தேன்.)

எனவே ‘எத்தனை பேர் வருகிறார்கள்’ என்பதை முன்கூட்டியே எல்லோரும் அறியும்படி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

---

கணக்குப்பிள்ளை

சேந்தன் அவர்களின் கடைசி வரியில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஹாங்காங்கில் ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று ஜனநாயகக் கோரிக்கைப் பேரணி நடந்துவந்தது. 2016 பேரணிக்கு முன்பு அங்குள்ள பல்கலைக்கழக மாணவர்களிடம், சக மாணவர்களில் எவ்வளவு பேர் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள் எனக் கேட்டு, பிறகு அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் உண்மை நிலவரத்தைச் சொன்னார்கள். ‘நான் நினைத்ததைவிட அதிகம் பேர் வருகிறார்கள்’ என்று அறிந்த மாணவர்கள் போவது குறைந்தது. ‘நினைத்ததைவிடக் குறைவு’ என்று அறிந்தவர்கள் போவது கூடியது. மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற கணக்கு அங்கே அச்சு அசலாக வேலை செய்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் குவிந்த கட்டைவிரல்கள் எத்தனை பேரை ‘நான் ஒருவன் போகாவிட்டால் என்ன’ என்று நினைக்க வைத்தனவோ!

---

மாலதி ச.

நல்ல இடத்தில் மடக்கினீர்கள். அதே ஹாங்காங்கில் நடந்த தொடர் ஆய்வையும் சேர்த்துப் படித்தால் படம் சற்று மாறும். 2017 பேரணிக்குப் போய்க் கூட்டத்தைக் கணக்கெடுத்து வருமாறு சில மாணவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். மறு ஆண்டு பணம் எதுவும் இல்லாதபோதும், முன்பு பணம் பெறாத மாணவர்களைவிட அவர்களில் அதிகம் பேர் போனார்கள். ஆனால் அந்த விளைவு, ஒரே துறையில், ஒரே ஆண்டில் படிக்கும் போதுமான பேர் சேர்ந்து போயிருந்த இடத்தில்தான் தெரிந்தது. தனித்தனியாகப் போனவர்களிடம் அது நிலைக்கவில்லை. அப்படியானால் முகமற்ற எண்ணிக்கை ஒருவரை வீட்டில் இருத்தலாம், முகம் தெரிந்த நான்கு பேர் அவரை வெளியே கொண்டுவரலாம். இரண்டையும் ‘கூட்டம்’ என்று ஒரே சொல்லால் சொல்வதால்தான் உங்கள் இருவருக்கும் இடையே முரண்பாடு போலத் தெரிகிறது.

தேவிகுளத்தாரின் கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். உளவியல் நூல்களில் அது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் மனக்குறை. 2008இல் வான் சோமரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதுவரை வந்திருந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து, அநீதி என்ற கொதிப்பு, சேர்ந்தால் முடியும் என்ற நம்பிக்கை, ‘நாம்’ என்ற அடையாளம் ஆகிய மூன்றையும் முதன்மைக் காரணங்களாகக் காட்டினார்கள். ‘நாம்’ என்பது மற்ற இரண்டையும் கிளப்பிவிடவும் செய்கிறது என்றார்கள். ஆனால் ‘நமக்காக அவர்கள் செய்வார்கள்’ என்ற நம்பிக்கையும் ஒரு வகையில் ‘சேர்ந்தால் முடியும்’ என்ற நம்பிக்கையைப் போலவே தோற்றமளிக்கும். கருத்துக்கணிப்பில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழக்கூடும்; தெருவில் ஒன்று மட்டுமே ஆளைக் கொண்டுவரும்.

---

புறநகர்வாசி

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நலச்சங்கக் கூட்டத்தில் இவற்றை எடுத்துச் சொன்னேன். அடுத்த முறை குழுவில் பொது அழைப்பு விடுவதில்லை என்றும், தெருவுக்கு இருவர் பொறுப்பேற்று, தமக்கு ஏற்கெனவே பழக்கமான வீடுகளை மட்டும் நேரில் அழைப்பது என்றும் முடிவாகியிருக்கிறது. மனுவைச் சங்கத் தலைவர் கொடுக்காமல், தரைத்தளக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தத்தம் சேதத்தை எழுதித் தனி மனுவாகவே கொடுக்கலாம் என்று ஆசிரியை சொன்னார். இரும்புத் தகடுக்காரர் அதற்கு மட்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். போன முறை வராதவர்களின் பெயரைக் குழுவில் போட வேண்டும் என்று பொருளாளர் பிடிவாதமாக நிற்கிறார். ஓல்சன் சொன்ன ‘ஒதுங்கியவருக்கு இழப்பு’ அதுதானே என்று அவர் கேட்பதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

---

தேவிகுளத்தான்

பெயரைப் போடாதீர்கள் ஐயா. லயத்தில் ஒருத்தி வேலைக்குப் போனால் மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று நான் எழுதியது உண்மைதான். ஆனால் பார்ப்பவள் மறுநாள் அவளுடைய பிள்ளையைக் கவனித்துக்கொள்பவள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பவள். அந்தக் கண்ணுக்கு இருக்கும் உரிமை வாட்ஸ்அப் குழுவுக்குக் கிடையாது. மாலதி அம்மா சொன்ன அந்த 239 பேரும் போனவர்கள் எழுதியதையேதான் எழுதியிருந்தார்கள். உங்கள் பொருளாளர் பட்டியல் போட்டால் அதில் உள்ளவர்கள் அடுத்த முறை கையெழுத்தும் போட மாட்டார்கள். வேனுக்கு எத்தனை மணிக்கு ஆட்களை வரச் சொன்னீர்கள் என்பதையும் பாருங்கள். எட்டு மணி என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து எந்தப் பெண்ணும் வரமாட்டாள்.